மழைக்காலம் எது? புத்தகம் சொல்வது ஒன்று. செல்லிப்பட்டு காண்பது ஒன்று!

"மழைக்காலம் எது?"

இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடத்துப் பையனிடம் கேளுங்கள். "ஜூன் முதல் செப்டம்பர் வரை" என்பான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அதே கேள்வியை அவனுடைய பாட்டியிடம் கேளுங்கள். "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பாள். அவள் புத்தகம் படித்தவள் அல்ல.

இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். புத்தகம் நாடு முழுவதையும் மனதில் வைத்துப் பேசுகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழைதான் முக்கியம். அது ஜூன் மாதம் தொடங்கும். செப்டம்பரில் முடியும். பாட்டி தன் ஊரைப் பற்றிப் பேசுகிறாள். புதுச்சேரி கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. இங்கே பெருமழை கொட்டுவது வடகிழக்குப் பருவக்காற்றில்தான். அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

பையனுக்குத் தேர்வில் மதிப்பெண் வேண்டும். ஆகவே புத்தகத்துப் பதிலைத்தான் எழுதுவான். எழுதட்டும். ஆனால் பாட்டி சொன்ன பதிலும் அவனுக்குத் தெரிய வேண்டாமா?

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024-25ஆம் கல்வி ஆண்டுக்குள் எல்லா வகுப்புகளிலும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு, அதாவது சி.பி.எஸ்.இ.க்கு, மாறிவிட்டன. டில்லியில் எழுதிய புத்தகம் வில்லியனூரிலும் பாகூரிலும் பாடமாகிறது. அதில் பல நன்மைகள் உண்டு. ஆனால் சொந்த ஊரின் மண்ணையும் மழையையும் யார் சொல்லிக் கொடுப்பது?

இதுதான் இன்றைய கேள்வி. இதில் மதிப்பெண் மட்டும் சம்பந்தப்படவில்லை. உயிரும் உடைமையும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

ஆறு நடத்திய பாடம்

செல்லிப்பட்டு, புதுச்சேரிக்கு மேற்கே உள்ள ஊர். சங்கராபரணி ஆறு அந்த ஊரை ஒட்டி ஓடுகிறது. செஞ்சியாறு, வராக நதி என்றும் அதற்குப் பெயர் உண்டு. செஞ்சி மலைப்பக்கம் பிறக்கிறது. வீடூர் அணையில் தங்குகிறது. பிறகு புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது. வில்லியனூரைத் தாண்டிக் கடலில் கலக்கிறது.

செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே, இந்த ஆற்றின் குறுக்கே ஒரு படுகை அணை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கட்டியது. படுகை அணை என்றால் மேட்டூர் போன்ற பெரிய அணை அல்ல. தாழ்வான தடுப்பு. வெள்ளம் அதன் மேல் வழிந்து ஓடும். வெள்ளம் வடிந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர் மணலில் இறங்கும். பக்கத்துக் கிணறுகளில் ஊறும்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற அந்த அணை, 2021ஆம் ஆண்டு மழைக்கால வெள்ளத்தில் உடைந்தது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை! அந்த நகரம் அதுவரை ஒரே நாளில் அப்படிப்பட்ட மழையைக் கண்டதில்லை.

புயல் போய்விட்டது. மழை விட்டது. ஆனால் ஆபத்து விடவில்லை. மேற்கே பெய்த மழையால் வீடூர் அணை நிரம்பியது. அங்கிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சங்கராபரணியில் பெருகி வந்தது. வில்லியனூர்ப் பக்கம் தாழ்வான இடங்களில் புகுந்தது. தெற்கே சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. பாகூர் கொம்யூனில் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன.

மழை பெய்யும்போது வந்த வெள்ளத்தைவிட, மழை நின்ற பிறகு வந்த வெள்ளம் மக்களைத் திகைக்க வைத்தது.

ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த முதியவருக்கு இது புதிர் அல்ல. "நம் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்தால் போதாது. செஞ்சிப் பக்கம் மின்னுகிறதா என்று பார்" என்பது அவருடைய பாடம். தண்ணீர் முதலில் எந்தப் பள்ளத்தில் ஏறும், எந்த மேட்டில் ஏறாது, மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிதாக மனை வாங்கி வீடு கட்டியவருக்குத் தெரியாது. வானிலை நிலையம் "மிகக் கனமழை" என்று சொல்லும். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று சொல்வது ஊராரின் அறிவு.

அந்த அறிவு எழுத்தில் இல்லை. முதியவர் கண்ணை மூடினால் அதுவும் அவரோடு போய்விடும்.

ஆறு பருவம்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியமும் பருவங்களைப் பற்றிச் சொல்கிறது.

உழவர் தம் வேலைக்கு ஏற்ப இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார். புதுச்சேரிப் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம். கோடையில் சொர்ணவாரி. மழைக்கு முன்னே நட்டுத் தையில் அறுப்பது சம்பா. அதற்குப் பின் நவரை. எந்தப் பட்டத்துக்கு எந்த நெல், எந்த நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு.

ஏரிக்கும் ஒரு பருவம் உண்டு. கோடையில் ஏரி வற்றும். அப்போது வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம். ஏரிக்கு ஆழம். ஒரே வேலையில் இரண்டு லாபம்! மழைக்கு முன்னே வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். மதகையும் கலங்கலையும் பார்ப்பார்கள். இந்த வேலைகள் தவறினால் மழை பெய்தும் பயன் இல்லை.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை வரும் என்பார்கள். தும்பி தாழப் பறந்தால் மழை. அந்தியில் ஈசல் புறப்பட்டால் அடைமழை. இப்படி எத்தனையோ அடையாளங்கள்.

மூத்த ஆசிரியர்கள் யார்?

மண்ணைப் படிப்பதில் உழவருக்கும் மூத்தவர்கள் உண்டு. அவர்கள் இருளர்கள்.

செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் புதுச்சேரியிலும் இருளர் வாழ்கிறார்கள். வயல் வரப்பில் புதிதாக மண் தள்ளியிருப்பதைப் பார்த்ததும், உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். மழைக்குப் பின் எந்தப் புற்றில் ஈசல் புறப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த இலை எந்த நோய்க்கு என்பதும் தெரியும். பாம்பு ஊர்ந்த தடம், கழற்றிய சட்டை, எச்சம் இவற்றைக் கொண்டே பாம்பைத் தேடிப் பிடிப்பார்கள்.

இத்தனை தெரிந்தும் அவர்கள் வாழ்வு எப்படி? குடியிருக்க மனை இல்லாதவர் பலர். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கி, கொத்தடிமையாகச் சிக்கிக்கொண்டவர்களும் உண்டு.

புதுச்சேரியில் 2016ஆம் ஆண்டு வரை பழங்குடிப் பட்டியல் என்பதே இல்லை. இருளர் அங்கே இருந்தார்கள். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் பழங்குடியாக இல்லை! 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் ஆகிய பிரிவுகள் உட்பட இருளரைப் பழங்குடியாக அறிவித்தார்கள்.

சான்றிதழ் கிடைத்தது. மரியாதை கிடைத்ததா?

நஞ்சிலிருந்து மருந்து

மரியாதை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

ஒரு காலத்தில் இருளர் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் வியாபாரம் நின்றது. பிழைப்புப் போயிற்று. 1978ஆம் ஆண்டு மாமல்லபுரம் பக்கத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலியில் அது இருக்கிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிப்பார்கள். சில நாட்கள் வைத்திருந்து நஞ்சை எடுப்பார்கள். பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சை வைத்துத்தான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலம் கொடுத்து வந்தது இந்தச் சங்கம்தான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். வயலில் கால் வைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருளரின் அறிவு காவல் நிற்கிறது.

அமெரிக்காவும் இவர்களை அழைத்தது. அங்கே ஃபுளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. வீட்டில் வளர்த்தவை தப்பிப் போய்ச் சதுப்பு நிலத்தில் முட்டையிட்டுப் பெருகின. சிறு விலங்குகளை அழித்தன. அந்த நாட்டாருக்கு அவற்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் அங்கே போனார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட நாட்களில் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன! அங்குள்ள பல்கலைக்கழகத்தார் இவர்களிடம் பாடம் கேட்டார்கள்.

2023ஆம் ஆண்டு இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆசிரியராக ஏற்றுக்கொண்டவர்களின் இனத்தாரை, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒரு நாளாவது ஆசிரியராக அழைத்ததுண்டா?

ஆஸ்திரேலியாவிலும் ஆறு பருவம்!

ஆஸ்திரேலியாவின் வடக்கே காக்கடு என்ற பெரிய வனம் இருக்கிறது. அங்குள்ள பழங்குடி மக்களும் ஆண்டை ஆறு பருவமாகத்தான் பிரிக்கிறார்கள்! வெள்ளைக்காரர் அங்கே மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டுதான் கண்டார்கள். பழங்குடியினர் அதற்குள் நுட்பமான வேறுபாடுகளைக் கண்டார்கள். பெருமழைக்கு முன் இடி இடிக்கும் காலம் குனுமெலெங். மழை முடியும் தறுவாயில் உயர்ந்த புல்லைக் காற்று சாய்க்கும் காலம் பங்கெரெங். ஈரம் இன்னும் காயாத குளிர்ந்த காலம் யெக்கே.

யெக்கே வந்தால் அவர்கள் புல்லுக்குச் சிறு சிறு தீ வைப்பார்கள். ஈரம் இருப்பதால் தீ பரவாது. மெல்ல எரிந்து அணையும். பின்னால் கோடையில் பெருந்தீ மூண்டால், அதற்குத் தின்ன புல் இருக்காது. காலம் அறிந்து வைக்கும் சிறு தீ, காலம் தப்பி வரும் பெருந்தீயைத் தடுக்கிறது.

நெடுங்காலம் அந்த அறிவை அரசாங்கம் பொருட்படுத்தவில்லை. பிறகு மனம் மாறியது. ஆஸ்திரேலிய வானிலை நிலையம் 2002ஆம் ஆண்டிலிருந்து பழங்குடியினரின் பருவக் கணக்குகளை அவர்கள் பெயரிலேயே வெளியிடத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு மேற்கு ஆர்னெம் பகுதியில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. அதில் பழங்குடி வனக் காவலர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தத் தீ வேலையைச் செய்கிறார்கள். முதியவர் வழிகாட்ட, இளைஞர் கூட நடக்கிறார்கள். வேலையே பள்ளிக்கூடம். எல்லா வயதினரும் மாணவர்.

பழையது எல்லாம் சரியா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "பாட்டி காலத்துக் கணக்கு இன்று பலிக்கிறதா? பருவம் மாறிவிட்டதே! ஆடியில் காற்று இல்லை, தையில் வெள்ளம் வருகிறது" என்று பலர் சொல்கிறார்கள்.

உண்மைதான். உலகம் சூடாகிறது. கடலும் சூடாகிறது. பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. பழைய அடையாளங்கள் சில தவறலாம். தும்பியை மட்டும் நம்பிப் புயலுக்குத் தயாராக முடியாது.

அதற்கு மருந்து என்ன? பழையதைத் தூக்கி எறிவதா? சோதித்துப் பார்ப்பதுதான் மருந்து. பள்ளிக்கூடத்தில் நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் எவ்வளவு தண்ணீர் என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அதுவே மழைமானி. உழவர் "ஓர் உழவு மழை" என்பார். அது எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ஈசல் புறப்பட்ட நாளையும் எழுதட்டும். பத்து ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எந்தப் பழமொழி நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பழைய அறிவும் புதிய அறிவும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதைப் புதுச்சேரியே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமை இடமாக வைத்து, கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்கள் அவற்றை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதைக் கணிப்பொறியில் பார்த்து, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் பயன் அடைந்தார்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்த நாள். நல்லவாடு மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அறிவு மையத்து ஒலிபெருக்கி அலறியது. ஊர் மக்கள் ஓடித் தப்பினார்கள்.

செய்தி வெளியிலிருந்து வந்தது. அதை ஊராருக்குக் கேட்கும்படி சொல்ல ஊரிலேயே ஒரு வாய் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் உயிர் பிழைத்தது.

பத்து நாள் இருக்கிறது!

"இதற்கெல்லாம் பள்ளியில் நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பாடச்சுமை அதிகம் என்பது உண்மை.

நேரம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்குப் பத்து நாட்களைப் "புத்தகப் பை இல்லாத நாட்கள்" என்று சொல்கிறது. அந்த நாட்களில் உள்ளூர்த் தொழில் தெரிந்தவர்களிடம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. பழங்குடி அறிவையும் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறது.

ஒரு நாள் சங்கராபரணிக் கரையில் நடக்கலாம். வெள்ளம் எந்த ஆண்டு எதுவரை ஏறியது என்று முதியவர் காட்டட்டும். பிள்ளைகள் படம் வரையட்டும். ஒரு நாள் ஏரிக்கரையில் மதகையும் கலங்கலையும் பார்க்கலாம். ஒரு நாள் நாற்றங்காலில் நடவுப் பெண்களிடம் கேட்கலாம். ஒரு நாள் இருளர் பெரியவர் வரப்பில் முன்னே நடக்கட்டும். பிள்ளைகள் பின்னே போகட்டும். பாம்பைத் தொடக் கற்க வேண்டாம். எங்கே கை வைக்கக்கூடாது, கடித்தால் கீறாமல் கட்டாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கற்றால் போதும்.

பெரியவர்களுக்கும் இடம் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கியது. அந்த வகுப்பில் உட்காருபவருக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மண் தெரியும். மழை தெரியும். அவருக்குத் தெரிந்ததையே அவர் முதலில் எழுதிப் பழகட்டும். "கார்த்திகையில் மழை வந்தது" என்பது அவருடைய முதல் வாக்கியமாக இருக்கட்டும். அவர் சொல்லப் பேத்தி எழுதலாம். பேத்தி வாசிக்க அவர் திருத்தலாம். இருவரும் மாணவர். இருவரும் ஆசிரியர்.

கூலியும் நாற்காலியும்

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. இருளரை ஒரு நாள் அழைத்து, வேடிக்கை பார்த்து, மாலை போட்டு அனுப்பினால் பயன் இல்லை. பாடம் நடத்துபவருக்குச் சம்பளம் உண்டு. அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். அவருக்கும் நாற்காலி போட வேண்டும். அவர் சொன்ன மூலிகையை வைத்து யாராவது லாபம் பார்த்தால், அதில் அவருக்குப் பங்கு வேண்டும்.

அவருடைய பிள்ளை பாம்பு பிடிக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. அந்தப் பிள்ளை மருத்துவர் ஆகலாம். வானிலை ஆராய்ச்சியும் செய்யலாம். தகப்பனுடைய அறிவு கேவலம் அல்ல என்று வகுப்பறையில் தெரிந்துகொண்ட பிள்ளை, தலை நிமிர்ந்து படிக்கும். பள்ளியைவிட்டு ஓடாது.

உடைந்த அணையைச் சிமெண்டும் கம்பியும் கொண்டு கட்டிவிடலாம். பணம் இருந்தால் போதும். ஆற்றைத் தெரிந்த கடைசி மனிதரும் போய்விட்டால், அந்த அறிவைக் கட்டித்தர எந்த எஞ்சினியராலும் முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பிள்ளைகள் பக்கத்தில் உட்காரட்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். "நம் ஊரில் மழைக்காலம் எது?" என்று கேட்கட்டும்.

பதில் ஒரு வரியில் முடியாது. எழுத நிறையப் பக்கம் வேண்டியிருக்கும்!